முள்ளைப் பாருங்க

ஆஸ்பத்திரியில் இருந்த நாற்பத்தோரு நாட்களில் தராசுக்காரருக்கு நர்சுகள் வைத்த பெயர் 'கேள்வித்தாள்'. அவர் வராந்தாவில் வருவது தெரிந்தாலே ஒருத்தி மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த வார்டுக்குப் போய்விடுவாள். இன்னொருத்திக்குத் திடீரென்று போன் வந்துவிடும். மனிதர் கெட்டவரில்லை. மனைவி படுக்கையில் கிடக்கிறாள், கவலை இல்லாமலா இருக்கும்? ஆனால் அவர் கவலைப்படுவதே கேள்வி கேட்டுத்தான். இந்தக் குழாய் ஏன் மூக்கு வழியாகப் போகிறது, வாய் வழியாகப் போனால் என்ன? மூச்சு மெஷின் நிமிடத்துக்குப் பதினான்கு தடவை ஊதுகிறதே, பதினைந்து ஊதினால் என்ன ஆகும்? சலைன் பாட்டில் ஏன் இந்த உயரத்தில் தொங்குகிறது? கடைசிக் கேள்விக்கு மட்டும் பெரிய டாக்டரே பதில் சொன்னார். லிஃப்டுக்குள் அவரோடு மாட்டிக்கொண்டார், வேறு வழியில்லை.

வந்த நோயும் கேள்விக்கென்றே செய்த நோய். சாதாரணக் காய்ச்சல் ஒன்று வந்து போய்ப் பத்து நாள் கழித்து மனைவிக்குக் கால்விரல் மரத்தது. மறுநாள் முழங்கால். நான்காம் நாள் கை, கழுத்து. ஐந்தாம் நாள் மூச்சு. கிருமியை அடிக்கக் கிளம்பிய உடம்பு ஆள் தெரியாமல் தன் நரம்புகளையே அடித்து நொறுக்கிவிட்டது என்றார் பெரிய டாக்டர். நரம்பு திரும்ப வளரும், ஆனால் அவசரப்படாது. கால் வந்துவிடும். கை எவ்வளவு வரும் என்பதை இப்போதே சொல்ல முடியாது.

"எவ்வளவுன்னா, முக்கால்வாசி வருமா டாக்டர்? பாதியா?"

"அது அவங்க கைக்கு எவ்வளவு வேலை கொடுக்கிறாங்கங்கிறதைப் பொறுத்தது."

கை என்பது அந்தக் குடும்பத்தில் சாதாரணச் சமாச்சாரமில்லை. கடைத்தெருவின் கோடியில் அவர்களுக்குத் தராசு பழுது பார்க்கும் கடை. காய்கறிக்கடை, இரும்புக்கடை, பழைய பேப்பர் கடை என்று எல்லாருடைய தராசும் நோய்வாய்ப்பட்டால் அங்கேதான் வரும். அவர் திறப்பார், துடைப்பார், தேய்ந்ததை மாற்றுவார். கடைசியில் மனைவி சோதனை போடுவாள். பெட்டியில் பட்டுத்துணிக்குள் வைத்திருக்கும் சோதனைக் கற்களை ஒவ்வொன்றாக ஏற்றி, முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றால்தான் "எடுத்துட்டுப் போங்க" என்பாள். எந்தப் பொருளையும் உள்ளங்கையில் வாங்கிப் பார்த்து "இது முந்நூத்தி இருபது" என்பாள். பத்து கிராம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். கடைத்தெருவில் அவள் பெயரே கைத்தராசு. "கைத்தராசம்மா இருக்காங்களா?" என்று கேட்டுத்தான் வாடிக்கையாளர்கள் உள்ளே வருவார்கள். அவரைக் கேட்டு யாரும் வந்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பொறாமையும் நிறையப் பெருமையும் உண்டு.

ஒருமுறை கறிக்கடைக்காரர் தன் தராசைக் கொண்டுவந்து, அக்கம்பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "கிலோவுக்கு ஒரு அம்பது கிராம் நமக்குச் சாதகமா..." என்று இழுத்தார். வாக்கியத்தை முடிப்பதற்குள் தராசு நடுத்தெருவில் கிடந்தது. வீசியது தராசுக்காரர். "தட்டை விட்டுட்டுப் போறீங்களே" என்று தட்டைப் பின்னாலேயே வீசியது கைத்தராசு. அந்தத் தெருவில் இந்தக் கதை தெரியாத ஆள் கிடையாது. கறிக்கடைக்காரரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

வீட்டுக்கு வந்தபோது மகளின் தோளில் சாய்ந்து நாலடி நடக்க முடிந்தது. கை மட்டும், மணிக்கட்டுக்குக் கீழே, யாரோ இரவல் கொடுத்துவிட்டுப் போன கைபோலக் கிடந்தது. தொட்டால் சூடா ஆறியதா என்று தெரியாது. விரல்கள் மடங்கும், ஆனால் எதையும் பிடிக்காது. மகள் பேக்கரியில் ரொட்டி போடுகிறவள்; விடியுமுன் போய்க் காலை பத்து மணிக்குத் திரும்புவாள். தராசுக்காரர் ஒன்பதரைக்குக் கடை திறக்கப் போக வேண்டும். நடுவில் அந்த அரை மணி நேரம் மட்டும் அவள் ஜன்னலோரம் நாற்காலியில் தனியாக இருப்பாள். பக்கத்து மேஜையில் இரண்டு தண்ணீர் பாட்டில். மடியில் ஒரு பொத்தான், முழங்கையால் அழுத்தினால் மகளின் போனில் மணி அடிக்கும்.

தினமும் மாலையில் பிசியோ வருவாள். சின்னப் பெண், ஆனால் அதட்டினால் வீடே எழுந்து நிற்கும். ஒரு சிவப்பு ரப்பர் பந்தைக் கொடுத்து, "ஒரு நாளைக்கு இருநூறு தடவை அமுக்கணும்மா" என்றாள். நடுவில் துணி சுற்றித் தடிமனாக்கிய ஒரு தேக்கரண்டியையும் கொடுத்தாள், தானே எடுத்துச் சாப்பிடப் பழகுவதற்கு. தராசுக்காரருக்கு அவள்மேல் ஒரே ஒரு குறைதான்.

"முன்னேற்றம் இருக்கா?"

"இருக்கு சார்."

"எவ்வளவு இருக்கு?"

"நல்லாவே இருக்கு."

நல்லாவே என்பது என்ன அளவு? கிராமா, கிலோவா? மனிதருக்கு மண்டை காய்ந்தது. மறுநாளே கடையிலிருந்து வட்ட முகம் உள்ள ஒரு ஸ்பிரிங் தராசைக் கொண்டுவந்தார். ஜன்னல் கம்பியில், அவள் முகத்துக்கு நேராக வருகிற மாதிரி அதைத் தொங்கவிட்டார். அதன் கொக்கியில் ஒரு மரக் கைப்பிடி கட்டினார். தினமும் காலை ஒன்பதேகாலுக்கு அவள் கைப்பிடியைப் பிடித்து, விரல்களிலிருந்து அது நழுவும்வரை கீழே இழுக்க வேண்டும். நழுவும் கணத்தில் முள் எங்கே நிற்கிறதோ அதுதான் அன்றைய கணக்கு. அதை அவர் காலண்டரில் அந்தத் தேதியின் கட்டத்துக்குள் எழுதுவார்.

"பொண்டாட்டியக் கொண்டுபோய்க் கொக்கியில மாட்டிட்டீங்களேப்பா" என்றாள் மகள்.

"நாம தராசுக்காரங்க. வேற எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

முதல் நாள் எண்ணூறு கிராம். இரண்டு வாரத்தில் ஒரு கிலோ நானூறு. வீட்டில் மூன்று பேரும் அதைப் பண்டிகைபோலக் கொண்டாடினார்கள். பிறகு முள் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. மறுநாள் ஒன்று நானூறு. அதற்கு மறுநாளும் ஒன்று நானூறு. ஒன்பது நாள் அதே எண். பத்தாம் நாள் கைப்பிடியை அவர் நீட்டியபோது அவள் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"போதும்ங்க. இதுக்குமேல வராது."

"யார் சொன்னா?"

"தராசு சொல்லுது. தராசு பொய் சொல்லாது."

அன்று மாலை பந்தையும் தொடவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிசியோ அதட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். கிளம்பும்போது வாசலில் தராசுக்காரரைத் தனியாக நிறுத்தினாள்.

"நரம்பு வந்துட்டிருக்கு சார். அது வந்து சேரும்போது விரல் அசையத் தயாரா இருக்கணும். இப்ப விட்டுட்டா மடங்கினது மடங்கினபடியே நின்னுடும். இந்த ரெண்டு மூணு மாசம்தான். அப்புறம் யார் வந்தாலும் ஒண்ணும் செய்ய முடியாது."

"எத்தனை நாள் விட்டா ஆபத்து? ரெண்டு நாளா, நாலு நாளா?"

"ஒரு நாளும் விடக் கூடாது."

அவர் அந்தப் பதிலை நினைத்தபடி விடியும் நேரத்தில் எழுந்தார். மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள், மகள் வேலைக்குப் போயிருந்தாள். தராசின் முதுகில் ஒரு ரப்பர் மூடி உண்டு; அதற்குள் ஒரு சிறு திருகு. அதைக் கால்வாசிச் சுற்று இடப்பக்கம் திருப்பினால் உள்ளே சுருள் கொஞ்சம் தளரும். சும்மா இருக்கும்போது முள் பூஜ்யத்தில்தான் நிற்கும், யாருக்கும் சந்தேகம் வராது. இழுத்தால் மட்டும் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். கறிக்கடைக்காரர் கேட்டது இதைத்தான். தராசுக்காரர் மூடியைக் கழற்றினார். முப்பது வருடத் தொழிலில் முதல் தடவையாக ஒரு திருகைத் தப்பான பக்கம் திருப்பினார்.

"எனக்காக ஒரே ஒரு தடவை இழு" என்றார் காலையில். "அப்புறம் கேக்க மாட்டேன்."

அவள் அலுப்போடு இழுத்தாள். முள் ஏறியது. ஒன்று அறுநூறு!

"பாத்தியா? பாத்தியா?" என்றார் அவர்.

அவள் முள்ளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். மறுநாள் ஒன்பதேகாலுக்கு அவர் கேட்பதற்கு முன்பே கையை நீட்டினாள். கறிக்கடை இருந்த திசையைப் பார்க்கக்கூடாது என்று அன்று அவர் சுற்றிக்கொண்டு வேறு தெரு வழியாகக் கடைக்குப் போனார்.

ஒரு வாரம் கழித்து இன்னொரு கால்வாசி. எண் இரண்டைத் தொட்டது. அடுத்த சில நாளில், காரணமே இல்லாமல், முள் ஒரேயடியாக ஒன்று எழுநூறுக்கு இறங்கிவிட்டது. மறுநாள் விடியும்போது மூன்றாவது தடவையாகத் திருப்பினார். அடுத்த நாள் முள் கொஞ்சம் சறுக்கியது, ஆனால் அதோடு சரி; அதன்பின் அவர் அதைத் தொடவில்லை, தொட வேண்டிய அவசியம் வரவில்லை. இரண்டு கிலோ நூறு, இரண்டு ஐநூறு, மூன்று என்று முள் தன்பாட்டில் ஏற ஆரம்பித்தது. அவள் தலையை அவளே வாரிக்கொண்டாள். தட்டை அவளே எடுத்தாள். ஒருநாள் மகளின் முதுகில் ஓர் அடிகூட வைத்தாள். வலிக்கிறது என்று மகள் சந்தோஷமாகக் கத்தினாள்.

எல்லாரும் சிரித்தார்கள். தராசுக்காரரும் சிரித்தார். ஆனால் உள்ளே ஒரு கேள்வி அவரை அரித்துக்கொண்டிருந்தது. மூன்று முறை திருப்பியிருக்கிறார். அவர் கணக்கில் முள் காட்டுவதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு பொய். அப்படியானால் உண்மையான எடை எவ்வளவு? கடையிலிருந்து சோதனைக் கல்லை எடுத்துவந்து தொங்கவிட்டால் ஐந்து நிமிட வேலை. ஆனால் தெரிந்துகொண்டு அவள் முகத்தில் எப்படி விழிப்பது? வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டார். அது அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கேட்க முடியாத கேள்விக்குப் பதிலாக வீட்டில் கண்ணில் படுவதையெல்லாம் கேட்க ஆரம்பித்தார்.

"இந்தத் தேக்கரண்டியோட வால் ஏன் வளைஞ்சிருக்கு?"

"ஜாம் மூடியத் திறந்தேன்ப்பா" என்றாள் மகள்.

"தண்ணி பாட்டில் கழுத்துல எதுக்குக் கயிறு?"

"பிடிக்க வசதியா இருக்கும்னுதான்."

"ஒரு நாளைக்கு இருநூறு தடவைன்னா, இதுவரைக்கும் பத்தாயிரம் தடவைக்கு மேல அமுக்கியாச்சு. பந்துல ஒட்டின விலைச் சீட்டு ஏன் இன்னும் கிழியல?"

"அப்பா, உங்களுக்குக் கடையில வேலையே இல்லையா?"

மனைவி ஜன்னலுக்கு வெளியே தெருவில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டோரத்தில் ஏதோ இருந்தது. அது சிரிப்பா என்றுகூட அவருக்குக் கேட்கத் தோன்றியது; கேட்கவில்லை.

விவகாரம் முற்றியது ஒரு மாலையில். அன்று காலை முள் நான்கு இருநூறில் நின்றிருந்தது. பிசியோ காலண்டரைப் புரட்டி, மாதங்களை முன்னும் பின்னும் பார்த்தாள்.

"பிரமாதம் சார். நாளைக்குத்தானே பெரிய டாக்டரைப் பாக்கப் போறீங்க? இந்தக் காலண்டரை அப்படியே எடுத்துட்டுப் போங்க. அவர் இதைப் பாத்தா, இனிமே நான் தினமும் வர வேண்டாம், வாரம் ஒரு தடவை போதும்னு எழுதிக் கொடுத்துடுவார். கடைக்குக்கூட அனுப்பலாம்."

"இதை வச்சா முடிவு பண்ணுவாங்க?"

"வேற எதை வச்சு? இவ்வளவு துல்லியமா எந்த வீட்டுல எழுதி வச்சிருக்காங்க?"

இதுவரை தராசுக்காரரின் பொய் வீட்டுக்குள் இருந்தது. நாளை அது டாக்டரின் மேஜைக்குப் போகப்போகிறது. மூன்று கிலோ இழுக்கிற கையை நான்கு கிலோக் கை என்று நம்பிப் பயிற்சியைக் குறைத்துவிட்டால்? பாதியில் நின்றுபோனால்? ஒரு நாளும் விடக் கூடாது என்று பிசியோதானே சொன்னாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடினார், பட்டுத்துணிப் பெட்டியோடு திரும்பி வந்தார். எவ்வளவு பொய் சொன்னோம் என்பதைக் கிராம் சுத்தமாகத் தெரிந்துகொண்டு, அதை அப்படியே ஒப்புக்கொண்டுவிடுவது என்று வரும் வழியில் முடிவு செய்திருந்தார்.

மனைவி நாற்காலியில் இருந்தாள். மகள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் யாரிடமும் பேசாமல் கைப்பிடியைக் கழற்றிவிட்டு இரண்டு கிலோக் கல்லைக் கொக்கியில் மாட்டினார். இரண்டரையாவது காட்டும் என்று எதிர்பார்த்தார்.

முள் இரண்டில் நின்றது.

ஐந்து கிலோக் கல்லை மாட்டினார். ஐந்து. எடுத்துவிட்டு மறுபடி மாட்டினார். ஐந்து. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மயிரிழைகூட மாறாமல் ஐந்து. தான் பொய்யாக்கிய தராசு தன்னிடமே உண்மை சொல்கிறது! தலைகால் புரியவில்லை. தராசைத் திருப்பி முதுகு மூடியைக் கழற்றினார். திருகின் தலையிலிருந்த சிவப்புப் புள்ளி, கம்பெனியில் வைத்த இடத்தில், கோட்டுக்கு நேராக இருந்தது. ஆனால் திருகின் பள்ளம் முழுக்கக் கீறல். திருப்புளி வைத்த கீறல் இல்லை. அகலமான, மழுங்கிய எதையோ வைத்து நழுவ நழுவத் திருகிய கீறல்.

அவருக்குத் தேக்கரண்டியின் வால் நினைவுக்கு வந்தது.

"இங்க வா!" என்று மகளைக் கூப்பிட்டார். "இதை நீ தொட்டியா?"

"சத்தியமா நான் தொடலப்பா. பாட்டிலை மட்டும்தான் தொங்கவிட்டேன்." சொன்ன பிறகுதான் அவள் ஈரக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எந்தப் பாட்டிலை?"

"அவளை ஏன் மிரட்டுறீங்க?" என்றது நாற்காலி. "நான்தான்."

அவர் திரும்பினார். மனைவி ஜன்னலைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயா? உன்னால எப்படித் திருக முடியும்?"

"முடியல. முதல்ல அந்த ரப்பர் மூடியவே கழட்ட முடியல. நாலு நாள் அதுக்கே போச்சு. அப்புறம் கரண்டி பள்ளத்துல நிக்காது. கையில பிடிச்சிருக்கேனா இல்லையான்னே எனக்குத் தெரியாதே, கண்ணாலதான் பாக்கணும். கீழ விழுந்துட்டா எடுக்க முடியாது, அன்னைக்கு வேலை அதோட சரி. நீங்க கடைக்குப் போனதுக்கப்புறம், இவ வர்றதுக்குள்ள, அரை மணி நேரம்தானே. பதினோராம் நாள் திரும்புச்சு."

முள் ஒரேயடியாக இறங்கிய நாள்! அவர் காலண்டரைப் பார்க்காமலே கண்டுபிடித்துவிட்டார்.

"அப்புறம் மறுநாளே நீங்க மறுபடி திருப்பி வச்சுட்டீங்க" என்றாள் அவள். "வந்த ஆத்திரத்துல அன்னைக்கே, அரை மணி நேரத்துக்குள்ள, சரி பண்ணிட்டேன். சரியா இருக்கான்னு பாக்க இவளை விட்டு ரெண்டு பாட்டிலையும் தொங்கவிடச் சொன்னேன். ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. இதுக்கு எதுக்குப் பட்டுத்துணிப் பெட்டி?"

"அதுக்கப்புறம் நான் தொடலையே."

"எனக்கு என்ன தெரியும்? தினமும் கழட்டிப் பாத்துட்டு மாட்டுவேன். உங்க மேல அவ்வளவு நம்பிக்கை."

மகள் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தராசுக்காரர் பந்தைப் பார்த்தார். விலைச் சீட்டு பளபளவென்று இருந்தது. ஒரு நாளைக்கு இருநூறு தடவை என்ன, இருபது தடவைகூட அமுக்கியிருக்க மாட்டாள். அவளுக்குப் பயிற்சி கொடுத்தது பந்தில்லை, பிசியோவும் முழுக்க இல்லை. அவர் திருப்பி வைத்த திருகு.

"நான் செஞ்சது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார். "கையில உணர்ச்சியே இல்லையே அப்ப."

"கைக்கு எங்க தெரிஞ்சுது? முப்பது வருஷமா நீங்க முள்ளைத்தான் பாத்திருக்கீங்க. இவ பொறந்தப்பகூட, பிள்ளை முகத்தைப் பாக்குறதுக்கு முன்னாடி எடை போட்ட முள்ளைத்தான் பாத்தீங்க. அன்னைக்கு மட்டும் நான் இழுக்கும்போது என் மூஞ்சியப் பாத்துட்டு நின்னீங்க. முள் எங்க நிக்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு."

கேள்வித்தாள் என்று பெயர் வாங்கிய மனிதருக்கு ஒரு கேள்விதான் மிச்சமிருந்தது.

"ஏன் அப்பவே கேக்கல?"

"கேக்கவா? தூக்கித் தெருவுல வீசணும்னு இருந்துச்சு. வீசக் கை இல்லையே." அவள் தலையால் ஜன்னலைக் காட்டினாள். "என் வீட்டு ஜன்னல்ல ஒரு பொய்த் தராசு தொங்குது. என்னைக் கைத்தராசுன்னு கூப்பிடுற தெரு அந்த ஜன்னல் வழியாத்தான் போகுது. அதைப் பாத்துக்கிட்டே நான் எப்படி உக்காந்திருப்பேன்? கை வருதோ இல்லையோ, அதை மட்டும் சரி பண்ணிட்டு விட்டுடலாம்னுதான் ஆரம்பிச்சேன். நீங்க விட்டாத்தானே?"

தராசுக்காரர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவமானமாக இருந்தது, அதைவிடப் பெரிய சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று கலந்து கண் வழியாக வந்தது. நான்கு இருநூறு நிஜம். மூன்று நிஜம், மூன்று ஐநூறும் நிஜம். நாளை டாக்டரிடம் எடுத்துப்போகிற கட்டங்களில் நடுவில் சில நாட்கள்தான் பொய், அதை அவரே சிவப்பில் அடித்துக்காட்டிவிடலாம்.

"கறிக்கடைக்காரர்கிட்டப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வாங்கப்பா" என்றாள் மகள்.

"அவன் கேட்டது வேற விஷயம்" என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள் மனைவி.

அவர் பெட்டியிலிருந்து ஒரு சின்னக் கல்லை எடுத்தார். கேட்காமல் அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போயிற்று.

"என்னமோ இருக்குன்னு தெரியுது" என்றாள். "எவ்வளவுன்னு தெரியல."

"முன்னாடி இருக்குன்னே தெரியாதே."

"ஆமா. முன்னாடி அதுவும் தெரியாது."

மறுநாள் காலை மகள் விடுப்பு போட்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார்கள். பொய் எழுதிய பன்னிரண்டு கட்டங்களும் சிவப்பு மையில் குறுக்கே அடிக்கப்பட்டிருந்தன. அன்றைய கட்டம் மட்டும் காலியாக இருந்தது. ஒன்பதேகால் ஆயிற்று. மனைவி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்தாள். தராசுக்காரர் எதிரில் நின்றார்.

"என் மூஞ்சியப் பாக்காதீங்க. முள்ளைப் பாருங்க."

அவர் முள்ளைப் பார்த்தார். அவள் இழுத்தாள். முள் மூன்றைத் தாண்டியது, மூன்றரையைத் தாண்டியது, நான்குக்குக் கொஞ்சம் முன்னால் திணறியது. கைப்பிடி நழுவிவிட்டது. டாக்டரைப் பார்க்கும் நாள், பிசியோ பிரமாதம் என்று சொன்ன மறுநாள். நேற்று தொட்டதைக்கூட இன்று தொடவில்லை. மகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். அவர் நாக்கு நுனிவரை நான்கு வந்தது. அவர் அதை விழுங்கினார்.

"மூணு தொள்ளாயிரம்" என்றார். "நேத்தைவிட முந்நூறு கம்மி."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"நேத்து சாயங்காலம் முழுக்க நீங்க அழுது, உங்களைத் தேத்துனேன்ல? அதுல போயிருக்கும் முந்நூறு."

அவர் பேனாவை எடுத்துக் காலண்டர் பக்கம் குனிந்தார்.

"குடுங்க இங்க" என்றாள் அவள்.

அவருக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. பேனாவை அவள் விரல்களுக்கு நடுவில் வைத்தார், காலண்டரை அவள் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நோய் வந்த பிறகு அவள் எழுதும் முதல் எழுத்து. மூன்று வளைந்து கீழே இறங்கியது. ஒன்பது பெரிதாக வந்தது. முதல் பூஜ்யம் மூடாமல் நின்றது, இரண்டாவது கட்டத்தை விட்டு வெளியேறி அடுத்த நாளுக்குள் போய்விட்டது. அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். தராசுக்காரர் எண்ணையும் பார்க்கவில்லை, கட்டத்தையும் பார்க்கவில்லை. இந்தத் தடவை அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அவள் ஒன்றும் சொல்லவில்லை.